பாறை வரை நடப்போம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

மேலதிகாரி ஒருவர் தமக்குக் கீழே உள்ளவரை மிரட்ட விரும்பினால், "உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்பார். அந்தக் காட்டுக்கு முகவரி கேட்டால் பலருடைய விரலும் முதலில் இராமநாதபுரத்தைக் காட்டும். அடுத்து நம் தருமபுரியைக் காட்டும். வெளியூரிலிருந்து நம் மாவட்டத்தின் வழியே பேருந்தில் செல்வோர் சன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "ஒரே கல்லும் கரடும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அவர்களை விடுங்கள். இம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்த நாமும் அவ்வாறே கண்ணை மூடிக்கொண்டிருக்கலாமா என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

பாலைக்கென்று தனி நிலம் தமிழகத்தில் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் மழையிழந்து திரிந்த வடிவமே பாலை என்று நம் பழந்தமிழ் நூலோர் கண்டனர். தூத்துக்குடி மாவட்டத்தின் செம்மணல் தேரிகளை விட்டால் மணற்பாலை என்று சொல்லத்தக்க இடம் நம் மாநிலத்தில் இல்லை எனலாம். ஆயினும் பங்குனி, சித்திரை மாதங்களில் நம் ஊர்ப்புறத்தில் நின்று பாருங்கள். கேழ்வரகு அறுத்த தாள், காய்ந்த ஏரி, சப்பாத்திக் கள்ளி, வேலமரம், இவற்றின் நடுவே வெயிலில் காய்ந்து நிற்கும் ஒரு பாறைக் கரடு. பாலை என்று புலவர்கள் எதைப் பாடினார்களோ அது நம் வீட்டுக் கொல்லையிலேயே ஆண்டுக்கு மூன்று மாதம் வந்து தங்கிப் போகிறது.

அந்தப் பாறை வரை நாம் நடக்க வேண்டும் என்பது என் கருத்து. நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் பட்டம் பெறுமுன் தம் ஊர்ப் பாறை ஒன்றுக்கு ஒரு முறையேனும் நடந்து போய், அதைப் பார்த்து, கேட்டு, எழுதிவர வேண்டும். ஊருக்கு ஒரு பாறையையாவது உடைக்காமல் விட்டுவைக்க அந்த எழுத்து உதவ வேண்டும். இவ்விரண்டையும் நிலைநாட்டவே எழுதுகிறேன்.

அயல்நாட்டுப் பாறையும் அடுத்த தெருப் பாறையும்

அமெரிக்காவில் யூட்டா என்றொரு மாநிலம். அங்கே 'ஆர்ச்சஸ்' என்னும் தேசியப் பூங்கா இருக்கிறது. பெரும்பாலும் வறண்ட பாலை நிலம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இயற்கைக் கல்வளைவுகள் அங்கு உள்ளன. 1929-இல் தேசிய நினைவிடமாகவும், 1971-இல் தேசியப் பூங்காவாகவும் அதனை அறிவித்தார்கள். அப்பூங்காவில் 'சமநிலைப் பாறை' என்று ஒன்று உண்டு. ஒரு பீடத்தின் மேல் சுமார் 3,500 டன் எடையுள்ள குண்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தரையிலிருந்து மொத்த உயரம் 39 மீட்டர். அதைச் சுற்றிவர அமைத்த நடைபாதையின் நீளம் ஏறக்குறைய அரை கிலோமீட்டர்தான். குழந்தைகளும் முதியவர்களும் நடக்கும் வழி. அதைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகிறார்கள். அதன் அருகே இருந்த, அதே போன்ற சிறிய பாறை ஒன்று 1975–76 குளிர்காலத்தில் தானாகவே விழுந்துவிட்டது. அந்த விழுந்த கல்லின் கதையையும் அவர்கள் மறவாமல் குறித்து வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டு இல்லாமலில்லை. மாமல்லபுரத்தில் சரிவான பாறை மீது உருளாமல் நிற்கும் பெருங்கல்லைப் பார்க்காத பள்ளிச் சுற்றுலா தமிழகத்தில் அரிது. திருமலையில் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் 'சிலாதோரணம்' என்னும் இயற்கைக் கல்வளைவு இருக்கிறது. சுமார் எட்டு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உடையது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதனைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக ஏற்றிருக்கிறது. தமிழகத்தில் அவ்வாறு ஏற்கப்பட்டவற்றுள் திருவக்கரை, சாத்தனூர்க் கல்மரங்களும், சென்னைப் பரங்கிமலைப் பாறையும், பெரம்பலூர் மாவட்டத்துக் காரையின் அரிப்பு நிலமும் புகழ்பெற்றவை. காரையில் புல்லும் முளைக்காத களிமண் மேடுகளில் நடந்தால், சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடலின் சிப்பிகள் காலடியில் கிடக்கும். இந்த வரிசையில் நம் தருமபுரிப் பாறை எதுவும் பேசப்படுவதில்லை. பேச வேண்டியவர் யார்? நாம் அல்லவா?

ஒகேனக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒகே' என்றால் கன்னடத்தில் புகை. புகையும் கல் என்பதே அப்பெயரின் பொருள். பெயரிலேயே கல் இருக்கிறது. ஆனால் அங்கே போகிறவர் அருவியில் குளிக்கிறார், எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார், பரிசலில் போகிறார், மீன் வறுவல் சாப்பிடுகிறார், திரும்புகிறார். கல்லை யார் பார்த்தார்? அந்த வட்டாரத்தில் கார்பனடைட் என்னும் அரிய பாறை கிடைக்கிறது. நெருப்புக் குழம்பிலிருந்து உறைந்த பாறை என்றால் அது பெரும்பாலும் சிலிக்கேட்டாகவே இருக்கும். இதுவோ கார்பனேட்டு. நம் ஆய்வகத்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும் வகை. ஆய்வாளர்கள் அதற்குக் கணித்திருக்கும் வயது சுமார் 240 கோடி ஆண்டுகள். வேதியியல் மாணவனுக்கு இதைவிடச் சிறந்த சுற்றுலா எங்கே கிடைக்கும்?

குண்டு எப்படி உருண்டையாயிற்று?

நம் மாவட்டத்தில் பாறைக்குப் போவதென்றால் பெரும் பயணமன்று. எங்கள் ஊருக்கு மேற்கே ஒன்றரைக் கிலோமீட்டரில் ஒரு கரடு. அதன் உச்சியில் வீடளவு பெரிய குண்டுக்கல் ஒன்று, இரண்டு சிறு கற்களின் மேல் அமர்ந்திருக்கிறது. அடியில் குனிந்து நுழைந்தால் நான்கு பேர் மழைக்கு ஒதுங்கலாம். ஆடு மேய்ப்பவர்களுக்கு அது நிழற்குடை. ஊரார் அதற்குத் தனிப் பெயர் வைக்கவில்லை. வெறுமனே 'குண்டு' என்பார்கள். காலையில் புறப்பட்டால் அரை மணி நேரத்தில் சேரலாம். பாதி வழி மாட்டு வண்டித் தடம், மீதி வழி கொள்ளுக் காட்டு வரப்பு, கடைசியில் சற்றே சரிவான வெறும் பாறை. ஏறுவதற்குக் கயிறும் வேண்டாம், வீரமும் வேண்டாம்.

"யாரோ அரக்கன் தூக்கி வைத்த கல்" என்று எங்கள் ஆயா சொல்வார். அறிவியல் சொல்லும் கதை அதைவிடச் சுவையானது. நம் பகுதியின் பாறைகளில் பெரும்பாலானவை நைஸ், சார்னோகைட் என்னும் வகையைச் சேர்ந்தவை. ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் அடியாழத்தில் பெரு வெப்பத்திலும் அழுத்தத்திலும் இவை உருமாறின. யூட்டாவின் கல்வளைவுகளைத் தாங்கும் மணற்பாறைக்கு வயது 20 கோடி ஆண்டுக்கும் குறைவு. அதாவது, அவர்கள் கொண்டாடும் பாறையைப் போல் பத்து மடங்குக்கு மேல் மூத்தது நாம் மாடு கட்டும் பாறை.

சார்னோகைட் என்ற பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. கொல்கத்தா நகரத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கில வணிகருடைய கல்லறைக் கல், சென்னைப் பக்கத்துப் பாறையால் ஆனது. அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893-இல் அப்பாறைக்கு அவர் பெயரையே இட்டார். நம் ஊர் அம்மிக்கும் உரலுக்கும் உறவான கல், உலகப் பாடநூல்களில் ஏறியது இவ்வாறு.

அடியாழத்தில் இருந்த பாறை, மேலே இருந்த பாரம் காலப்போக்கில் அரிக்கப்பட, மெல்ல வெளியே வந்தது. அழுத்தம் நீங்கிய பாறை வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக விரிசல் விட்டது. நெடுக்கிலும் குறுக்கிலும் வேறு வெடிப்புகள் விழுந்தன. இந்த வெடிப்புகளில் இறங்கிய மழைநீர் வெறும் நீரன்று. காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்த மென்மையான அமிலம். அது பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பாரைத் தாக்கிக் களிமண்ணாக்கியது. ஒரு சதுரக் கட்டியின் முகத்தை நீர் ஒரு புறமிருந்து தாக்கும். விளிம்பை இரு புறமிருந்து தாக்கும். மூலையை மூன்று புறமிருந்து தாக்கும். ஆகவே மூலை முதலில் மழுங்கியது. சதுரம் உருண்டையாயிற்று. சுற்றியிருந்த களிமண்ணை மழை அடித்துச் சென்றபின் உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்படியே நின்றன. 'அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்பது பழமொழி. துளி மேல் துளி விழுந்தால் மலையும் உருண்டையாகும் என்பதற்கு நம் ஊர்க் குண்டே சாட்சி.

கார்பானிக் அமிலத்தைப் பற்றி வகுப்பில் படிக்கிறோம், தேர்வில் எழுதுகிறோம். அது இந்த மாவட்டத்தையே செதுக்கிய சிற்பி என்பதைப் பாறையருகே நின்றால்தான் உணர முடியும்.

பல்லில் எழுதிய பாறை

"கல்லைப் பார்த்து என்ன பயன்?" என்று கேட்கும் நண்பருக்கு ஒரு விடை சொல்வேன்: "கண்ணாடியில் உங்கள் பல்லைப் பாருங்கள்."

நம் மாவட்டத்துப் பாறைகளில் உள்ள அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்டு போன்ற கனிமங்களில் ஃபுளூரின் இருக்கிறது. பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும் நிலத்தடி நீர் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது அளவு. அந்த அளவைத் தாண்டிய நீரைக் குழந்தைப் பருவத்தில் குடித்தவர்களின் பற்களில் பழுப்புக் கோடுகள் விழுகின்றன. மிகுதியானால் எலும்பும் வளைகிறது. இந்தத் துன்பத்தைக் குறைக்கத்தான் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் தணிப்புத் திட்டம் 2008-இல் தொடங்கப்பட்டு, 2013-இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காகத் திறந்து வைக்கப்பட்டது. என் குழந்தைப் பருவத்தின் பெரும் பகுதி அதற்கு முந்தியது. என் முன்பற்களிலும் அந்தக் கோடு இருக்கிறது. வெளியூர் நண்பர் ஒருவர் "பல் துலக்குவதில்லையா?" என்று கேட்டதுண்டு. அது அழுக்கன்று; எங்கள் ஊர்ப் பாறை என் பல்லில் இட்ட கையெழுத்து.

பாறை நமக்குக் கெடுதலும் செய்கிறது, நன்மையும் செய்கிறது. மண் மூடாத கரட்டுப் பாறை ஒரு பெரிய கூரையைப் போன்றது. பெய்யும் மழையில் பெரும் பகுதி அதில் ஊறாமல் வழிந்து ஓடி, அடிவாரத்து ஏரியில் சேர்கிறது. நம் பக்கத்துப் பல ஊர்களில் ஏரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கரட்டின் காலடியில் இருக்கும். ஏரி வெட்டிய முன்னோர் பாறையின் சரிவைப் பார்த்தே இடம் தேர்ந்தார்கள் என்பது அங்கே நின்றால் விளங்கும். எது நஞ்சு, எது நீர் என்று தெரிந்துகொள்ளப் பாறையை அறிய வேண்டியிருக்கிறது. இது பொழுதுபோக்கு மட்டுமன்று; உயிர்ப் பிரச்சினை.

முன்னோர் நடந்த வழி

பாறைக்கு நடந்து போவது வெள்ளைக்காரர் வழக்கம், 'டிரெக்கிங்' என்பது பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு என்று எண்ணுவோர் உண்டு. அரூரை அடுத்த தீர்த்தமலைக்குப் போய்ப் பாருங்கள். மலையின் செங்குத்துப் பாறையிலிருந்து நீர் வடியும் இடங்களைத் தீர்த்தங்கள் என்று போற்றி, நம் பாட்டன் பாட்டிமார் காலங்காலமாக வெறுங்காலோடு ஏறிவருகிறார்கள். மழைக்காலத்தில் பாறை வெடிப்புகளில் புகுந்த நீர் கோடையிலும் கசிவதை அவர்கள் இறையருள் என்றார்கள். நாம் நிலத்தடி நீரியல் என்கிறோம். எப்பெயரிட்டாலும் பாறையைத் தேடி நடந்தவர்கள் அவர்கள்.

2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை நம்மோடு இருந்த பகுதிகளையும் நினைத்துப் பார்க்கலாம். மல்லச்சந்திரத்தில் பாறை மேட்டின் மீது பலகைக் கற்களால் எழுப்பிய பெருங்கற்காலக் கல்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. மல்லப்பாடியில் பாறை மறைவில் வெண்ணிற ஓவியங்கள் இருக்கின்றன. மயில் ஆடும் பாறை என்றே பெயர் பெற்ற மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை செல்கிறது என்று 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. 2025-இல் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அதனினும் முந்திய காலத்தைக் காட்டியது என்றாலும், நம் பக்கத்துப் பாறையடியின் பெருமை அதனால் குறைந்துவிடவில்லை. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் மண்ணில் வீரனுக்கு எழுப்பிய நினைவுச் சின்னமும் கல்தான். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைக் காண ஒரு மணி நேரம் போதும். வீடும் கல், ஏரியும் கல், ஓவியமும் கல், சாவுக்குப் பின் நினைவும் கல் என்று வாழ்ந்த மக்களின் வழிவந்த நாம், கல்லை வெறும் கல் என்று கடந்து போவது முறையாகுமா?

உடைப்பவர் பக்கம்

இனி, சொல்லக் கடினமான பகுதிக்கு வருகிறேன்.

என் தந்தையார் கல்லுடைக்கும் தொழிலாளி. சம்மட்டியும் உளியும் பிடித்த கையால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வாசலுக்கு நான் கட்டிய கட்டணமும் கல் கொடுத்த கூலியே. ஆதலால், "குவாரிகளை எல்லாம் மூடுங்கள்" என்று மேடையில் முழங்க எனக்கு நா எழாது. நாம் அமர்ந்திருக்கும் இந்த வகுப்பறையின் கான்கிரீட்டில் ஜல்லி இருக்கிறது. சாலையிலும் பாலத்திலும் அணையிலும் இருக்கிறது. நம் பகுதியின் கருங்கல் மெருகேறிக் கப்பலில் வெளிநாடு போகிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பி இருக்கின்றன.

ஆனால் எல்லாப் பாறையும் ஒரே பாறை அன்று. எங்கள் ஊர்க் கரட்டுக்குத் தெற்கே இருந்த இன்னொரு கரடு என் பள்ளிப் பருவத்திலேயே குவாரியாயிற்று. கம்ப்ரஸரும் வெடியும் வந்தன. இப்போது அங்கே கரடு இல்லை. தென்னை மரம் ஆழத்துக்குப் பச்சை நீர் நிற்கும் பள்ளம் இருக்கிறது. வேலை தீர்ந்ததும் வந்தவர்கள் போய்விட்டார்கள். தந்தையாருக்கு இருமல் தங்கிவிட்டது. அந்தக் கரட்டிலிருந்து ஏரிக்கு வந்த ஓடை இப்போது பள்ளத்தில் விழுகிறது. சென்ற தை மாதம் எங்கள் 'குண்டு'க் கரட்டின் மேலும் சிவப்பு வண்ணத்தில் சில எண்கள் தென்பட்டன. யார் அளந்தார், எதற்கு அளந்தார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. சிலர் அஞ்சுகிறார்கள், சிலர், "வேலை வரும்" என்று மகிழ்கிறார்கள். இரு சாராரையும் நான் குறை சொல்லமாட்டேன்.

தந்தையாரிடம் கேட்டேன். "அந்தக் குண்டை உடைச்சா ரெண்டு வருசத்துக்கு வேலை இருக்கும் தம்பி. அப்புறம் ஏரிக்குத் தண்ணி எங்கிருந்து வரும்?" என்றார். நாற்பது ஆண்டு கல்லோடு வாழ்ந்தவரின் கணக்கு இது. கல்லைத் தட்டி ஓசையைக் கேட்டே, எந்தப் பக்கம் உளி வைத்தால் நேராகப் பிளக்கும் என்று அவர் சொல்லிவிடுவார். வெடிப்பின் திசை, அடுக்கின் திசை என்று புவியியல் நூல் பேசுவது அவருக்குக் கைப்பழக்கம். ஆனால் எந்தப் பாறையை உடைக்கலாம், எதை விடலாம் என்று அவரை யாரும் கேட்டதில்லை.

'கல்லைக் கண்டால் நாயைக் காணோம். நாயைக் கண்டால் கல்லைக் காணோம்' என்பார்கள். விலை பேச வருபவர் கண்ணுக்குப் பாறை கன மீட்டராகத் தெரிகிறது. ஏரியும், ஆட்டு நிழலும், சுனையும், கதையும் தெரிவதில்லை. அவற்றைக் காண்பவர்கள் காகிதத்தில் எழுதி வைத்திருந்தால்தானே எடுத்துக்காட்ட முடியும்? எழுதாத பாறைக்குச் சாட்சி இல்லை.

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை எண்ணிப் பாருங்கள். ஏழு பாறைக் குன்றுகளும், குடைவரைக் கோயிலும், தமிழிக் கல்வெட்டும், சமணப் படுக்கைகளும், பருந்தினங்களும் உள்ள அவ்வூரை 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. 2024-இல் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. ஊர் மக்கள் எழுந்தார்கள். கிராம சபைகள் தீர்மானம் போட்டன. 2024 டிசம்பரில் சட்டப் பேரவையும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை இரத்து செய்தது. அம்மக்களுக்கு வலிமை தந்தது கூட்டம் மட்டுமன்று. அந்தப் பாறைகளில் என்ன இருக்கிறது என்று அதற்கு முன்பே பலர் நடந்து, பார்த்து, எழுதி வைத்திருந்தார்கள். பட்டியல் கையில் இருந்தது. எங்கள் குண்டுக்கு அப்படி ஒரு வரிகூட எவ்வேட்டிலும் இல்லை.

தடை சொல்வோருக்கு

"வெயில், பாம்பு, வழுக்கல், பிள்ளைகளுக்கு ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு?" என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஐப்பசி மழை ஓய்ந்தபின், மார்கழி முதல் மாசி வரை, காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் திரும்பினால் வெயில் வருத்தாது. மழை பெய்த மறுநாள் பாசி படிந்த சரிவில் ஏறக் கூடாது. ஆளுக்கு ஒரு லிட்டர் நீர், காலுக்குச் செருப்புக்குப் பதில் ஷூ, கைக்கு ஒரு கோல். மலைத்தேனீ கூடு கட்டிய பாறையருகே புகையும் கூச்சலும் ஆகாது. குவாரிப் பள்ளத்தின் பக்கமே போகலாகாது. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் யானை நடமாடும் காப்புக்காடுகளில் வனத்துறை அனுமதியின்றி நுழையக் கூடாது; காட்டுக்குள் போக வேண்டிய தேவையும் இல்லை. ஊரை ஒட்டிய கரடே போதும்.

"மாணவியரை வீட்டில் அனுப்புவார்களா?" என்று கேட்கலாம். நம் வகுப்புகளில் எத்தனையோ மாணவியர் விறகுக்கும் ஆட்டுக்கும் அதே கரட்டில் சிறு வயது முதல் ஏறி இறங்கியவர்கள். கல்லூரியில் சேர்ந்தபின் அந்தப் பாறை அவர்களுக்கு எட்டாமல் போவது என்ன முரண்! பேராசிரியை ஒருவர் உடன் வருகிறார் என்று கல்லூரி ஒரு கடிதம் கொடுத்தால் பல வீடுகளில் மறுக்க மாட்டார்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் மகளிருக்குக் கட்டணமும் இல்லை.

"சுற்றுலாவே போதுமே" என்பது மூன்றாவது தடை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் துறைச் சுற்றுலா போகும்போது பணம் கட்ட முடியாமல் 'காய்ச்சல்' என்று சொல்லி வீட்டில் தங்கிவிடுபவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்; தெரியாதது போல் இருக்கிறோம். பாறை வரை நடப்பதற்கு ஒருவரும் காய்ச்சல் பொய் சொல்ல வேண்டியதில்லை.

வேண்டுகோள்

என் வேண்டுகோள் நான்கே.

ஒன்று: ஒவ்வொரு துறையும் ஆண்டுக்கு ஒரு காலைப் பொழுதைப் பாறை நடைக்கு ஒதுக்க வேண்டும். தாவரவியலார் பாறை இடுக்கில் முளைக்கும் செடியைப் பார்க்கட்டும். விலங்கியலார் உடும்பையும் ஆந்தையையும் பார்க்கட்டும். இயற்பியலார் குண்டு ஏன் விழவில்லை என்று கணக்கிடட்டும். வரலாறும் தமிழும் படிப்போர் பெயரையும் கதையையும் கேட்கட்டும். பொருளியலார் கூலியையும் விலையையும் எழுதட்டும்.

இரண்டு: அந்த நடைக்கு வழிகாட்டியாக ஒரு கல்தொழிலாளியையும் ஆடு மேய்ப்பவர் ஒருவரையும் அழைக்க வேண்டும். அவர்களுக்கு ஒரு நாள் கூலியும் ஒரு நாற்காலியும் கொடுத்துக் கேட்டால், எந்த நூலிலும் இல்லாத பாடம் கிடைக்கும்.

மூன்று: பாறையில் பெயர் எழுதுவதும், விளம்பரம் தீட்டுவதும், புட்டி உடைப்பதும் நம் கல்லூரி மாணவர் எவருக்கும் ஆகாது. இமாசலப் பிரதேசத்தில் மணாலி–ரோத்தாங் சாலையோரப் பாறைகளில் பெரிய நிறுவனங்கள் விளம்பரம் தீட்டியதை 2002-இல் உச்ச நீதிமன்றமே வழக்காக எடுத்துக்கொண்டது என்பதை நினைவிற் கொள்வோம்.

நான்கு: நூலகத்தில் ஒரு பாறைப் பதிவேடு தொடங்க வேண்டும். ஊர்ப் பெயர், பாறையின் பெயர், எவ்வளவு தூரம், எந்த ஏரிக்கு நீர் தருகிறது, சுனை உண்டா, ஓவியமோ நடுகல்லோ உண்டா, ஊரார் சொல்லும் கதை என்ன என்பவற்றை ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினால் போதும். நம் கல்லூரிக்கு வராத ஊர் இம்மாவட்டத்தில் எது? மூன்றே ஆண்டில் மாவட்டத்துப் பாறைகளில் பெரும்பாலானவை ஏட்டில் ஏறிவிடும். குத்தகைக்கு விடுமுன் மாவட்ட ஆட்சியரிடமும், தீர்மானம் போடும் நாளில் கிராம சபையிலும், "இதை உடைக்கலாம், இதை விட்டுவிடுங்கள்" என்று காரணத்தோடு காட்ட அந்த ஏடு உதவும்.

பதிவேடு தொடங்கும் நாளில் முதல் பக்கத்தை எழுத நான் ஆயத்தமாயிருக்கிறேன். தந்தையார் சொல்லச் சொல்ல எழுதுவதாக ஏற்பாடு. இரண்டாம் பக்கம் யாருடையது, நண்பர்களே?